டெல்டாவில் ஸ்டீல் மவுண்டன் பைக் பிரேம் கட்டுவது: அளவுச் சீட்டு முதல் பவுடர் கோட்டிங் வரை

முதல் பிரேம் கட்ட நினைப்பவர்கள் விசாரிப்பது பெரும்பாலும் வெல்டிங் மெஷின் விலையைத்தான். அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். பழகாத கைக்கு ஒரு பிரேம் 40 முதல் 50 மணி நேர வேலை. அதில் நெருப்பு எரிவது இரண்டு மணி நேரம்கூட வராது. மற்றதெல்லாம் அளப்பது, அறுப்பது, அராவுவது, திரும்ப அளப்பது. பிரேம் கெட்டுப்போவதும் அங்கேதான். வெல்டிங்கில் அது வெளியே தெரிகிறது, அவ்வளவுதான்.

இங்கே எடுத்துக்கொள்வது முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள 29 இன்ச் சைக்கிளின் பிரேம். 120 மி.மீ. அமுங்கும் போர்க் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை), 2.4 இன்ச் டயர், டிஸ்க் பிரேக். தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர்ப் பக்கம் ஒரு கொட்டகையும் சிங்கிள் பேஸ் கரண்டும் இருந்தால் கட்டலாம். சுற்றிலும் வயல்தானே, இங்கே எதற்கு மலைச் சைக்கிள் என்று யாராவது கேட்டால் பச்சமலையும் கொல்லிமலையும் எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன என்று சொல்லுங்கள். நமக்கு இருக்கும் பெரிய வசதி வேறு: திருவெறும்பூர், துவாக்குடிப் பட்டறைகளில் ஆர்கான் வெல்டிங்கில் தேர்ந்த கைகள் இருக்கின்றன. பெல் தொழிற்சாலையின் கொதிகலன் வேலை வளர்த்த கைகள்.

1. அளவுச் சீட்டும் முழு அளவுப் படமும்

ஓட்டப்போகிறவரின் உயரம், தொடையிடுக்கிலிருந்து தரை வரை உள்ள கால் நீளம், கை நீளம், எடை ஆகிய நான்கையும் செருப்பில்லாமல், சுவரை ஒட்டி நிற்க வைத்து எடுங்கள். எடையை விட்டுவிடாதீர்கள், பைப்பின் சுவர் கனத்தை முடிவு செய்வது அதுதான். கீழே வரும் கனங்கள் 90 கிலோ வரைக்கும் பொருந்தும்.

முதலில் பெயர்கள். பிபி என்பது கிராங்க் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட், அது அமரும் குழாய் பிபி ஷெல். போர்க் தண்டு நுழையும் முன் பைப் ஹெட் டியூப், சீட் தண்டு இறங்குவது சீட் டியூப். ஹெட் டியூப்பிலிருந்து பிபிக்குப் போவது டவுன் டியூப், சீட் டியூப்புக்குப் போவது டாப் டியூப். பிபியிலிருந்து பின்சக்கர அச்சுக்குப் போவது செயின் ஸ்டே, சீட் டியூப்பின் மேலிருந்து அங்கே வருவது சீட் ஸ்டே, அந்த அச்சைப் பூட்டும் முனை டிராப் அவுட். ரீச் என்பது பிபிக்கு நேர்மேலிருந்து ஹெட் டியூப்பின் உச்சி வரை உள்ள கிடைமட்ட தூரம். பிபி இறக்கம் என்பது சக்கர அச்சுக்கு எவ்வளவு கீழே பிபி நிற்கிறது என்பது.

170 செ.மீ. உயரமுள்ளவருக்குத் தொடங்க ஏற்ற அளவுகள்: ரீச் 440, செயின் ஸ்டே 435, பிபி இறக்கம் 60 மி.மீ.; சீட் டியூப் சாய்வு 75 பாகை, ஹெட் சாய்வு 65 பாகை. சக்கரத்தின் ஆரம் டயரோடு சேர்த்து 372 மி.மீ. வரும், அதில் 60 கழித்தால் பிபி தரையிலிருந்து 312-ல் நிற்கும்.

இந்த 65 பாகை, போர்க் முழுக்க நீண்டிருக்கும்போது உள்ள கணக்கு. ஆள் ஏறி உட்கார்ந்ததும் 120 மி.மீ. போர்க் கால் பங்கு, அதாவது 30 மி.மீ. அமுங்கும். 20 மி.மீ.க்கு ஏறத்தாழ ஒரு பாகை நிமிரும் என்பதால் ஓட்டும்போது 66½ ஆகிவிடும். படத்தில் எது அமுங்கிய அளவு, எது அமுங்காத அளவு என்று எழுதி வையுங்கள். இரண்டையும் கலந்துவிட்டால் நினைத்தது ஒன்று, கையில் வருவது வேறொன்று.

போர்க், பின்சக்கர ஹப், கிராங்க், டயர் நான்கும் கைக்கு வந்த பிறகே படம் போடுங்கள். போர்க்கின் ஆக்சில் (சக்கர அச்சு) முதல் கிரவுன் (போர்க்கின் தோள்) வரையுள்ள நீளத்தை நீங்களே டேப் வைத்து அளந்து எழுதுங்கள். விளம்பரத் தாளில் உள்ள எண்ணை நம்ப வேண்டாம்.

படம் முடிந்ததும் பிளக்ஸ் பேனர் கடையில் 4×3 அடியில், முழு அளவில் அடித்துக்கொள்ளுங்கள். சில நூறு ரூபாய்தான். படத்தின் ஓரத்தில் 500 மி.மீ. கோடு ஒன்றைக் குறுக்கிலும் நெடுக்கிலும் போட்டுக் கொடுங்கள். அச்சாகி வந்ததும் ஸ்டீல் ஸ்கேல் வைத்துப் பாருங்கள். பல கடைகளில் 'பிட் டு சைஸ்' என்று அழுத்திவிடுவார்கள். 500 என்பது 493 ஆகி வரும். அந்தப் படத்தின் மேல் பைப்பை வைத்துக் குறித்தால் பிரேம் முழுதும் சுருங்கிப்போகும்.

2. பைப்பும் உதிரியும்

முதல் பிரேமுக்கு நடுவில் மெலிந்த பட்டட் பைப் வேண்டாம். 0.8/0.5/0.8 பைப்பில் கனமான முனை எங்கே முடிகிறது என்று குறிக்காமல் ஒரே பக்கத்திலிருந்து அறுத்துவிட்டால், வெல்டிங் 0.5 சுவரில் போய் விழும். ஓட்டை விழும், விழாவிட்டால் ஆறு மாதத்தில் அங்கேயே விரிசல் விடும். ஒரே கனமுள்ள 4130 குரோம்மாலி (குரோமியமும் மாலிப்டினமும் கலந்த உருக்கு) வாங்குங்கள். எடை கொஞ்சம் கூடும், தவற்றைப் பொறுக்கும்.

- டவுன் டியூப்: 34.9 வெளிவிட்டம், 0.9 சுவர், 750 நீளம். மீட்டருக்கு 755 கிராம்.
- டாப் டியூப்: 31.8 × 0.9, 650 நீளம்.
- சீட் டியூப்: 34.9 × 1.65 எடுத்தால் உள்விட்டம் சரியாக 31.6, டிராப்பர் போஸ்ட் (ஓட்டும்போதே ஏற்றி இறக்கும் சீட் தண்டு) நேரே இறங்கும். 28.6 × 0.7 எடுத்தால் 27.2 போஸ்ட். முதலாவது 450 மி.மீ. நீளத்துக்கு ஏறக்குறைய 400 கிராம் கூடுதல்.
- ஹெட் டியூப்: 44 மி.மீ. உள்விட்டம். மேலே அகலம் குறைந்து கீழே பெருத்த போர்க் தண்டு இதில் வெளிக் கப் போட்டு அமரும்.
- பிபி ஷெல்: 73 மி.மீ., பி.எஸ்.ஏ. மரை.
- செயின் ஸ்டே 19 மி.மீ., சீட் ஸ்டே 16 மி.மீ., இரண்டும் 0.9.
- டிராப் அவுட்: 148×12 (நடு இடைவெளி 148, ஆக்சில் 12), யு.டி.எச். ஹேங்கருக்கானது (பின் கியர் மாற்றியைத் தாங்கும் பொதுவகைத் தகடு).

பைப்போடு மில் டெஸ்ட் சர்டிபிகேட் (ஆலை தரும் சோதனைச் சான்று) கேளுங்கள். அதில் ஹீட் எண் (எந்த உருக்குத் தொகுதி என்று காட்டும் எண்) இருக்க வேண்டும்; கார்பன் 0.28 முதல் 0.33, குரோமியம் 0.80 முதல் 1.10, மாலிப்டினம் 0.15 முதல் 0.25 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 'குரோம்மாலிதான் சார்' என்று வாய்வார்த்தையாகக் கொடுப்பது சில நேரம் நாற்காலி செய்யும் ஈ.ஆர்.டபிள்யூ. பைப்பாக, அதாவது தகட்டைச் சுருட்டி நீளவாக்கில் வெல்டு செய்ததாக இருக்கும். விரலை உள்ளே விட்டுத் தடவுங்கள். நீளவாக்கில் மெல்லிய தழும்பு தட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

டிராப் அவுட்டில் இன்னொரு கண்ணி. 12 மி.மீ. ஆக்சிலின் மரை 1.0, 1.5, 1.75 என்று மூன்று புரியளவில் வருகிறது. டிராப் அவுட்டையும் ஆக்சிலையும் ஒரே இடத்தில், ஒன்றாக வாங்குங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் கூரியர்காரர் ஆதார் அல்லது பான் கேட்பார். பொருள் விவரம் தெளிவாக உள்ள இன்வாய்ஸும் வேண்டும். சொந்த உபயோகத்துக்கு இது போதும். கட்டி விற்கப்போகிறீர்கள் என்றால் டி.ஜி.எப்.டி. (வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம்) தளத்தில் 500 ரூபாய் கட்டி இறக்குமதிக் குறியீட்டு எண் முதலிலேயே வாங்கிவிடுங்கள். சுங்க வரி பொருள் விலைக்கு மட்டும் போடுவதில்லை, கப்பல் கூலியும் காப்பீடும் சேர்த்துப் போடுவார்கள். அதனால் நான்கு சின்னப் பார்சலாக வரவழைப்பதைவிட ஒரே பார்சல் லாபம். கைக்கு வர 3 முதல் 5 வாரம் ஒதுக்குங்கள்.

3. கருவிக்கும் காஸுக்கும் ஆகும் பணம்

200 ஆம்பியர் இன்வெர்ட்டர் ஆர்கான் மெஷின் 20,000 முதல் 35,000 ரூபாய். சிலிண்டர் டெபாசிட்டும் முதல் நிரப்பலும் சேர்த்து 10,000 முதல் 12,000. டார்ச்சுக்கும் பைப்புக்குள்ளும் ஆர்கான் போகும் இரண்டு குழாய்க்கும் தனித்தனி அளவு காட்டும் ரெகுலேட்டர் 3,000. பெஞ்ச் வைஸ், அரங்கள், வெர்னியர், மூலைமட்டம், டிஜிட்டல் சாய்வுமானி எல்லாம் 10,000-க்குள். பைப்புகளை அளவு மாறாமல் பூட்டிவைக்கும் சட்டமான ஜிக்குக்கு 80×40 அலுமினியம் புரொபைல் வாங்கி, கூம்புகளை உள்ளூர் லேத்தில் கடைந்துகொண்டால் 10,000 முதல் 15,000. ஆக, ஒருமுறைச் செலவு 60,000-ஐ ஒட்டி நிற்கும். பிரேம் ஒன்றுக்குப் பைப், உதிரி, பவுடர் கோட்டிங் எல்லாம் சேர்த்து 20,000 முதல் 25,000 வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் ஏறத்தாழச் சொல்வதுதான். டாலர் ஏறினால் உதிரி விலை ஏறும்.

7 கன மீட்டர் சிலிண்டரில் 7,000 லிட்டர் ஆர்கான். டார்ச்சுக்கு நிமிடம் 8, பைப்புக்குள் 2 என்று 10 லிட்டர் போனால் 700 நிமிடம் வரும். பழகும் துண்டுகளையும் சேர்த்து ஐந்து பிரேமுக்குத் தாராளம். வாங்கும்போது 99.99 சதவீதத் தூய ஆர்கான் என்று கேளுங்கள். மிக் வெல்டிங்குக்குக் கொடுக்கும் கார்பன்டை ஆக்சைடு கலந்த சிலிண்டர் தவறி வந்துவிட்டால் டங்ஸ்டன் ஊசி நொடியில் கருகும். சிலிண்டரின் தோளில் அடித்திருக்கும் சோதனைத் தேதியையும் பாருங்கள்.

கடன், மானியம் எதிர்பார்ப்பவர்கள் மெஷின் வாங்குவதற்கு முன்பே மாவட்டத் தொழில் மையத்துக்குப் போக வேண்டும். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் புதுத் தொழிலுக்குத்தான். முதலில் வாங்கிப் போட்டு ஓட்ட ஆரம்பித்துவிட்டுப் பில்லோடு போனால் கதவு அடைபட்டிருக்கும்.

4. ஆர்கானா, பித்தளையா

பித்தளை வெல்டிங், அதாவது பிரேசிங், நம் பக்கத்துக்குப் புதிதில்லை. பத்தர் நகையில் பொடி வைத்து ஊதுவதும் இதே தத்துவம்தான்: அடி உலோகம் உருகாது, இடையில் ஓடும் உலோகம் உருகிப் பிடிக்கும். பித்தளை ராடு 880 பாகை செல்சியஸ் அளவில் ஓடும். வெங்காரம் கலந்த ஃப்ளக்ஸ் வேண்டும். கருவிச் செலவு குறைவு, சின்ன இடைவெளியைப் பித்தளை நிரப்பிவிடும். ஆனால் பைப் ஆரஞ்சு நிறம் தாண்டி வெளுக்கும் அளவு சூடேறினால் பித்தளை இரும்பின் மணிகளுக்கு நடுவே இறங்கி விரிசல் விடும். வெள்ளைப் புகை வந்தால் துத்தநாகம் கொதிக்கிறது என்று அர்த்தம், டார்ச்சை விலக்குங்கள். அந்தப் புகையை மூச்சில் இழுத்தால் ராத்திரி குளிர்காய்ச்சல் வரும். வெள்ளி ராடு வாங்கினால் காட்மியம் இல்லாததா என்று கேட்டு வாங்குங்கள். காட்மியம் புகை ஆளைக் கொல்லக்கூடியது. வீட்டு 14.2 கிலோ சிலிண்டரைப் பட்டறைக்கு எடுக்காதீர்கள்; வணிகச் சிலிண்டர் 19 கிலோ.

டெல்டாவில் தொடங்குபவருக்கு எங்கள் பரிந்துரை ஆர்கான்தான். காரணம், உங்கள் கை இன்னும் வராவிட்டாலும் பிரேம் நிற்காது. அறுப்பது, அராவுவது, ஜிக்கில் பூட்டி டேக் (இடம் நகராமலிருக்கப் போடும் பொட்டு வெல்டிங்) அடிப்பது வரை நீங்கள் செய்துவிட்டு, முழு வெல்டிங்கைத் துவாக்குடிப் பக்கம் ஒரு நல்ல வெல்டரிடம் கொடுக்கலாம். தஞ்சாவூர் – திருச்சி சாலையிலேயே இருக்கிறது. ஒன்று கவனிக்க வேண்டும். கொதிகலன் குழாய் 4, 5 மி.மீ. சுவர், நம் பைப் 0.9. எவ்வளவு அனுபவமுள்ளவரானாலும் முதலில் உங்கள் பைப்பின் வெட்டுத் துண்டுகள் பத்தைக் கொடுத்துப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். நீங்களே கற்றுக்கொள்ள விரும்பினால் திருச்சி பெல் வளாகத்தில் உள்ள வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் பயிற்சி வகுப்புகள் நடத்துகிறது.

5. பைப் முனையை அராவிப் பொருத்துவது

ஒரு பைப் இன்னொரு பைப்பின் மேல் உட்காரும் இடத்தில் அதன் முனை வளைவாக வெட்டப்பட வேண்டும். இதற்கு மைட்டர் என்று பெயர். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை இரண்டு தடவை படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

பைப்பை நேராக வைஸில் கடிக்க விடாதீர்கள், நசுங்கி முட்டை வடிவமாகிவிடும். பூவரசு அல்லது வேம்புக் கட்டையில் பைப் விட்டத்துக்குத் துளையிட்டு, நடுவே இரண்டாக அறுத்துத் தரச் சொல்லுங்கள், தச்சர் அரை மணி நேரத்தில் செய்துவிடுவார். அந்தக் கட்டைக்குள் பைப்பை வைத்து, கட்டையை வைஸில் இறுக்குங்கள்.

பைப்பின் மேல் ஓர் எல் ஆங்கிளைக் கவிழ்த்து வைத்து, அதன் ஓரத்தை ஒட்டி நீளவாக்கில் ஒரு கோடு இழுங்கள். இரண்டு முனை வெட்டுக்கும் இந்தக் கோடுதான் ஆதாரம். கோடில்லாமல் ஒரு முனையை அராவிவிட்டு மறுமுனைக்குப் போனால், இரண்டு வாயும் ஒன்றுக்கொன்று திரும்பிப்போயிருக்கும். இரண்டு பாகை திரும்பினாலும் ஹெட் டியூப் முறுக்கிக்கொண்டு நிற்கும். அந்தப் பைப் அதோடு சரி.

கணினியில் எடுத்த மைட்டர் காகிதத்தை அந்தக் கோட்டோடு பொருத்திச் சுற்றுங்கள், ஊசியால் கீறுங்கள். கீறலுக்கு 2 மி.மீ. வெளியே ஹேக்சாவால் அறுத்து, மீதியை அரை வட்ட அரத்தால் எடுங்கள். ஹோல் சா வைத்து மில்லிங்கில் வெட்டினாலும் கடைசி அரை மில்லி அரத்துக்குத்தான். பத்துப் பதினைந்து இழுப்புக்கு ஒரு தடவை நிறுத்தி, எதிர்ப் பைப்பில் உட்கார வைத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். வெளிச்சம் கசியும் இடம் தாழ்ந்தது. கசியாத இடம்தான் முட்டிக்கொண்டு நிற்கிறது. அராவ வேண்டியது கசியாத இடத்தை. புதியவர்கள் பாதிப்பேர் இதை மாற்றிச் செய்து, இடைவெளியைப் பெரிதாக்கிக்கொண்டே போவார்கள். 0.1 மி.மீ. தகடு நுழையாத அளவுக்கு வர வேண்டும். முதல் மைட்டருக்கு இரண்டு மணி நேரம் ஆனால் சங்கடப்பட வேண்டாம்.

வரிசை இப்படி: சீட் டியூப்பின் அடி முனை பிபி ஷெல்லில். அடுத்து டவுன் டியூப், அது பிபி ஷெல்லையும் சீட் டியூப்பின் அடியையும் சேர்த்துக் கவ்வும். கடைசியாக டாப் டியூப். டவுன் டியூப்பின் ஹெட் முனையை அராவும் முன் போர்க்கை மாட்டித் திருப்பிப் பாருங்கள். போர்க் கிரவுனில் உள்ள திருகு டவுன் டியூப்பில் இடித்தால், பைப்பை ஹெட் டியூப்பில் சற்று மேலே ஏற்ற வேண்டும். டேக் அடித்தபிறகு இதற்கு வழியில்லை.

ஒவ்வொரு பைப்பும் சேரும் இடத்தில், வாய்க்குள் மறையும்படி, எதிர்ப் பைப்பில் 4 மி.மீ. துளை போடுங்கள். உள்ளே அடைபட்ட காற்று சூடேறினால் வெளியேற வழி தேடும். வழியில்லாவிட்டால் வெல்டிங் மூடும் கடைசி இடத்தில் ஊசித் துளை விழும். பின்பக்க ஸ்டேகளுக்கும் இந்தத் துளை உண்டு.

6. பிபிக்குப் பின்னால் உள்ள 3 சென்டிமீட்டர்

செயின் ஸ்டே 435, சக்கர ஆரம் 372. கழித்துப் பாருங்கள்: பிபி மையத்திலிருந்து 63 மி.மீ.யில் டயரின் விளிம்பு வந்துவிடுகிறது. டயர் தன் முழு அகலமான 61 மி.மீ.யை எட்டுவது இன்னும் 30 தள்ளி, 93-ல். இதே இடத்தில் 32 பல் செயின்ரிங்கின் (கிராங்கில் உள்ள பல்சக்கரம்) நுனி 68 வரை நீண்டு நிற்கிறது. ஆகவே வலப்பக்க ஸ்டே 68-ல் ரிங்குக்கு உள்ளே ஒதுங்கிப் போக வேண்டும். 93-ல் டயருக்கு வெளியே விலகிப் போக வேண்டும். 52 மி.மீ. செயின்லைன் (நடுக்கோட்டிலிருந்து செயின்ரிங் வரை உள்ள தூரம்) வைத்துக்கொண்டால், 68-ல் ஸ்டேயின் வெளிமுகம் நடுக்கோட்டிலிருந்து 47-ஐத் தாண்டக்கூடாது. 93-ல் உள்முகம் 36½-க்குக் குறையக்கூடாது. 19 மி.மீ. உருண்டைப் பைப் நேராகப் போனால் இது நடக்காது.

அதனால் ஸ்டேயை இரண்டு இடத்தில் அமுக்க வேண்டும்: ரிங் பக்கம் வெளியே, டயர் பக்கம் உள்ளே. 30 மி.மீ. உருண்டைக் கம்பியை வைஸில் ஒரு பக்கம், மரக்கட்டையை மறுபக்கம் வைத்து மெதுவாக இறுக்கினால் பள்ளம் விழும். சூடாக்க வேண்டாம். ஒவ்வொரு பள்ளமும் 4, 5 மி.மீ.க்கு மேல் போனால் பைப்பின் பலம் போகும். இன்னும் இடம் வேண்டுமென்றால் செயின் ஸ்டேயை 440 ஆக்குங்கள் அல்லது 30 பல் ரிங் போடுங்கள். அமுக்கிய பிறகு உண்மையான சக்கரத்தையும் கிராங்கையும் மாட்டி, 6 மி.மீ. பிளைவுட் துண்டை டயரின் இரண்டு பக்கமும் ஓட்டிப் பாருங்கள். எங்கேயும் உரசாமல் போக வேண்டும். நம் ஆற்றுப் படுகை வண்டல் டயரோடு அப்பிக்கொண்டு வரும் மண். இடைவெளி இதற்குக் குறைந்தால் ஒரு மழை நாளில் சக்கரம் நின்றுவிடும்.

7. டேக், வெல்டிங், காற்று

சேரும் இடத்திலிருந்து 15 மி.மீ. வரை உள்ளும் புறமும் பளபளவென்று தேய்த்து, அசிட்டோன் தொட்டுத் துடைக்கவும். பிரேக் கிளீனர் ஸ்பிரே வேண்டவே வேண்டாம்; குளோரின் கலந்த கரைப்பான் ஆர்க் வெளிச்சத்தில் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாகும்.

இ.ஆர்.70எஸ்-2 ராடு 1.2 அல்லது 1.6 மி.மீ., லாந்தனம் கலந்த 1.6 டங்ஸ்டன், 0.9 சுவருக்கு 35 முதல் 45 ஆம்பியர். உள்ளே ஆர்கான் நிரம்பாவிட்டால் வெல்டிங்கின் உட்புறம் சர்க்கரைப் பாகு கருகியதுபோலப் பொரிந்து நிற்கும். அங்கிருந்துதான் விரிசல் கிளம்பும். ஹெட் டியூப்புக்குள்ளும் பிபிக்குள்ளும் பித்தளைக் கட்டை ஒன்றைக் கடைந்து செருகிவிடுங்கள். அது சூட்டை வாங்கிக்கொள்ளும், பைப் கோணாது. கும்பகோணம் பக்கம் பித்தளை கடையும் பட்டறைக்குப் பஞ்சமில்லை.

பிரேமைத் தொடும் முன் வெட்டுத் துண்டுகளில் குறைந்தது 20 'டி' இணைப்புகள் போடுங்கள். ஒவ்வொன்றையும் ஹேக்சாவால் பிளந்து உட்புறம் பாருங்கள். பிறகு வைஸில் நசுக்குங்கள்: பைப் கிழிய வேண்டும், இணைப்பு விடக்கூடாது. தொடர்ந்து ஐந்து தேறினால் பிரேமுக்கு வாருங்கள்.

ஒவ்வொரு இணைப்பிலும் எதிரெதிரே நான்கு டேக். முழு வெல்டிங்கைக் கால் கால் வட்டமாக, ஒன்றுக்கு எதிரே ஒன்று என்று போடுங்கள். கை வைக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகே அடுத்தது. ஈரத்துணி வைத்து ஆற்றும் பழக்கம் பல பட்டறைகளில் உண்டு. 4130-இல் அதைச் செய்யாதீர்கள். சட்டென்று குளிர்ந்தால் அந்த இடம் கண்ணாடிபோல் இறுகி உடையும். தானாக ஆறட்டும்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். நிமிடத்துக்கு 8 லிட்டர் ஆர்கான் எம்மாத்திரம்? கொட்டகையின் தென்மேற்குப் பக்கம் தார்ப்பாய் கட்டாமல் ஆடி மாதத்தில் டார்ச்சைத் தொடாதீர்கள். மின்விசிறியும் கூடாது, ஆகவே சித்திரை, வைகாசியில் விடியற்காலையில் போடுங்கள். கிராமத்து லைனில் பம்புசெட்டுகள் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கி ஆர்க் அறுந்து அறுந்து வரும், அதற்கும் விடிகாலைதான் தோது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ராடு துருப்பிடிக்கும். இரண்டு பக்கமும் மூடிய பி.வி.சி. குழாயில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் தேய்த்த பைப்பை இரவில் அப்படியே விட்டால் காலையில் செம்பழுப்பாக இருக்கும். லேசாக எண்ணெய் தடவி வைத்து, மறுநாள் அசிட்டோனால் துடைத்துத் தொடங்குங்கள்.

டேக் அடித்த பிரேமை வெளி வெல்டரிடம் கொண்டுபோகிறீர்களா? டிராப் அவுட்டுக்கு நடுவே 148 மி.மீ. டம்மி ஆக்சில் பூட்டி, பிரேமை ஒரு பிளைவுட் பலகையில் கட்டி எடுத்துப்போங்கள். பஸ்ஸின் மேல் கூரையில் போட்டால் டேக் விடும்.

8. நேர் பார்ப்பது

தச்சர் நூல் ஒன்று போதும். ஒரு டிராப் அவுட்டில் கட்டி, ஹெட் டியூப்பைச் சுற்றி, மறு டிராப் அவுட்டில் இழுத்துக் கட்டுங்கள். சீட் டியூப்புக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் வெர்னியரால் அளந்தால் வித்தியாசம் 1 மி.மீ.க்குள் நிற்க வேண்டும். முன் முக்கோணம் முடிந்ததும் ஒருமுறை, பின்பக்கம் டேக் அடித்ததும் ஒருமுறை, முழு வெல்டிங்குக்குப் பிறகு ஒருமுறை. ஓரிரு மில்லி கோணலைப் பின் ஸ்டேயை வளைத்துச் சரிசெய்யலாம். அதற்கு மேல் வளைத்தால் டிராப் அவுட்டின் இரண்டு முகமும் இணையாக நிற்காது, 12 மி.மீ. ஆக்சில் நுழையாது. அப்போது டேக்கை அறுத்து மறுபடி வைப்பதே வழி.

டிஸ்க் பிரேக் தாங்கி இரண்டு வகை: ஐ.எஸ். என்றால் துளைகள் 51 மி.மீ. இடைவெளி, போஸ்ட் மவுண்ட் என்றால் 74. எதுவானாலும் காலிப்பரையும் ரோட்டரையும் மாட்டி வைத்துத்தான் டேக் அடிக்க வேண்டும்.

பிபி மரையைச் சூட்டுக்குப் பிறகு மரை வெட்டும் டேப் விட்டுச் சுத்தம் செய்யுங்கள். சங்கிலி ஓடும் வலப்பக்கம் இடக்கை மரை. தெரியாமல் சாதா டேப்பைத் திருகினால் ஷெல் பாழ். ஹெட் டியூப்புக்கும் சீட் டியூப்புக்கும் ரீமர் (உள்விட்டத்தைச் சரியான அளவுக்குச் சீவும் கருவி) வேண்டும். இவை விலை கூடிய கருவிகள். பெரிய சைக்கிள் கடையில் கூலி கொடுத்துச் செய்வது முதல் பிரேமுக்குப் புத்திசாலித்தனம். ஹெட் டியூப்பில் அமரும் பேரிங் கப் கைவிரல் அழுத்தத்துக்கே உள்ளே போனால் ரீமர் அதிகமாக ஓடிவிட்டது.

9. விரிசல் சோதனை

டி.பி. (டை பெனட்ரன்ட்) டெஸ்ட் என்று திருச்சிப் பட்டறைகளில் தினசரி செய்வதுதான். மூன்று ஸ்பிரே டப்பா. சிவப்புச் சாயத்தை அடித்து, 10 முதல் 15 நிமிடம் விட்டு, துடைத்து, வெள்ளைப் பொடியை அடித்தால் விரிசல் இருக்கும் இடத்தில் சிவப்புக் கோடு ஊறி வரும். பெயிண்டுக்கு முன் கட்டாயம். டவுன் டியூப்பும் ஹெட் டியூப்பும் சேரும் அடிப்பக்கத்தை இரண்டு முறை பாருங்கள். பிரேமில் அதிகம் அடி வாங்கும் இடம் அதுதான்.

10. பவுடர் கோட்டிங்கும் துருவும்

அடுப்பு 180 முதல் 200 பாகை. வெல்டிங்குக்கு ஒன்றும் ஆகாது. பிபி மரை, ஹெட் டியூப் உள்முகம், சீட் டியூப் உள்முகம், டிராப் அவுட் முகம், பிரேக் தாங்கி முகம் ஐந்தையும் நீங்களே மறைத்துக் கொடுங்கள். கேட் கிரில் அடிக்கும் கடையில் இதற்குப் பொறுமை இருக்காது. 3, 4 நாள் ஆகும். வந்ததும் காற்றுத் துளைகள் வழியே ஆளிவிதை எண்ணெய் ஊற்றி, பிரேமை நாலாபக்கமும் உருட்டி, ஒரு நாள் தலைகீழாக வடிய விடுங்கள். பிபி ஷெல்லின் அடியில் 5 மி.மீ. துளை ஒன்று இருக்கட்டும். இல்லாவிட்டால் சீட் டியூப் வழியே இறங்கும் மழை நீர் அங்கேயே தங்கி, உள்ளிருந்து தின்னும்.

11. விற்பதென்றால்

உத்யம் (குறு, சிறு தொழில்) பதிவு இலவசம். ஆதார், பான் போதும். அரசுத் தளம்போலவே வடிவமைத்து 2,000, 3,000 கேட்கும் பக்கங்களில் பணம் கட்டிவிடாதீர்கள். தமிழ்நாட்டில் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் தாண்டினால்தான் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். ஆனால் பெங்களூருக்கோ கொச்சிக்கோ ஒரே ஒரு பிரேம் விற்றாலும் வெளிமாநில விற்பனை என்பதால் பதிவு வேண்டும். பிரேமுக்கான குறியீடு 8714 91. 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் உதிரிக்கும் வரி 5 சதவீதம்.

வாடிக்கையாளரிடம் அளவுச் சீட்டிலும் படத்திலும் கையெழுத்து வாங்கி, பாதிப் பணம் முன்பணமாகப் பெற்ற பிறகே பைப்புக்குச் சொல்லுங்கள். பிபி ஷெல்லின் அடியில் எண் குத்துங்கள். அந்த எண்ணின் கீழ் ஒரு நோட்டில் பைப்பின் ஹீட் எண், ராடு வகை, வெல்டர் யார், சோதனைத் தேதி, அனுமதித்த எடை எல்லாம் எழுதி வையுங்கள். முதல் ஆர்டருக்குப் பைப் வரும் நாளிலிருந்து 8 வாரம் கேளுங்கள். 6 என்று சொல்லிவிட்டுத் தீபாவளி மழையில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

பிரேமைக் கொடுத்ததும் முதல் 50 கி.மீ. கல்லணைக் கால்வாய்க் கரை போன்ற சமதளத்திலேயே ஓட்டச் சொல்லுங்கள். திரும்பக் கொண்டுவந்ததும் ஹெட் டியூப் அடி, சீட் டியூப் மேல்முனை, டிராப் அவுட் இணைப்பு மூன்றையும் டார்ச் லைட்டும் பூதக்கண்ணாடியும் வைத்துப் பாருங்கள். பவுடரில் தலைமுடி அளவு கீறல் தெரிந்தால் அந்த இடத்தில் மட்டும் பெயிண்டைச் சுரண்டி, மறுபடி சிவப்புச் சாயம் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் பச்சமலைக்கு அனுப்ப வேண்டும்.